படுக்கையை வென்ற மருத்துவர்

கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது எலும்பு நன்றாகக் கூடியிருக்கும். ஆனால் கால் சூம்பியிருக்கும். முழங்கால் மடங்க மறுக்கும். தரையில் ஊன்றினால் நடுங்கும். எலும்புதான் கூடிவிட்டதே, இனி என்ன குறை என்று வீட்டார் வியப்பர். உண்மையில் மருத்துவத்தின் மறுபாதி அன்றுதான் தொடங்குகிறது. உழைக்காத தசை இளைக்கும். அசையாத மூட்டு இறுகும். இறுகியதை இளக்கி, இளைத்ததை வளர்த்து, மனிதனை மீண்டும் அவனுடைய வேலைக்கு அனுப்பி வைப்பது இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்று வழக்கில் நாம் சொல்வது இதனைத்தான்.

முறிந்த காலுக்கு இந்த மறுபாதி மருத்துவம் உண்டு என்பதை உலகம் ஓரளவு அறிந்திருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் அறுபட்டவர்களுக்கோ, இருபதாம் நூற்றாண்டின் பாதி வரையிலும் அப்படி ஒன்று உண்டு என்று பெரும்பாலான மருத்துவர்கள் எண்ணவே இல்லை. அவர்களைப் படுக்கையில் கிடத்திவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை ஏற்க மறுத்த ஒரு மருத்துவரின் வரலாறு இது. அவர் பெயர் லுட்விக் குட்மன்.

ஒரு சுரங்கத் தொழிலாளி

குட்மன் 1899-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள், அன்றைய ஜெர்மன் பேரரசின் சைலீசியா மாநிலத்தில் டோஸ்ட் என்னும் சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கோனிக்ஸ்ஹூட்டே என்னும் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர் அது. விபத்துக்கும் அங்கே குறைவில்லை.

1917-ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பதினெட்டு வயது இளைஞரான குட்மன், அவ்வூரின் விபத்து மருத்துவமனையில் தொண்டராகப் பணியாற்றினார். ஒருநாள் சுரங்கத்தில் முதுகெலும்பு முறிந்த தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். கட்டுடல் கொண்ட இளைஞர் அவர். மருத்துவர்கள் முறிவைச் சரிசெய்து, உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, மற்ற நோயாளிகள் காணாதபடி திரை மறைவில் கிடத்தினார்கள். குட்மன் அவரைப் பற்றிக் குறிப்பெழுத முனைந்தபோது, அந்த வேலை வீண் என்றும், அம்மனிதர் சில வாரங்களில் இறந்துவிடுவார் என்றும் மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னது பலித்தது. ஐந்து வாரங்களில் அந்த இளைஞர் மாண்டார்.

இதில் குட்மனை வருத்தியது மரணம் மட்டுமன்று. அதனை எல்லோரும் இயல்பானதென்று ஏற்றுக்கொண்ட விதமே அவரை அதிகம் வருத்தியது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்தும் அத்தொழிலாளியின் நினைவு அவரை விட்டு அகலவில்லை.

அறுபத்து நான்கு பேர்

1918-இல் பிரெஸ்லாவ் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய குட்மன், பின்னர் ஃபிரைபர்க் சென்று பயின்று 1924-இல் பட்டம் பெற்றார். பிரெஸ்லாவுக்குத் திரும்பி, நரம்பியலில் புகழ்பெற்றிருந்த பேராசிரியர் ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மூளையையும் நரம்புகளையும் அறுவை செய்வதில் கைதேர்ந்த ஆசான் அவர். ஓயாத உழைப்பை அவரிடமே குட்மன் கற்றார்.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். குட்மனும் பதவி இழந்தார். பிரெஸ்லாவில் இருந்த யூத மருத்துவமனையில் சேர்ந்து, 1937-இல் அதன் தலைமை மருத்துவரானார்.

1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு. ஜெர்மனி எங்கும் யூதர்களின் வழிபாட்டு இல்லங்கள் தீக்கிரையாயின, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆடவர்கள் கூட்டங் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். அந்த இரவில் மருத்துவமனை வாயிலுக்கு வரும் எவரையும் கேள்வி கேட்காமல் உள்ளே சேர்க்குமாறு குட்மன் ஆணையிட்டார். அறுபத்து நான்கு பேர் சேர்ந்தார்கள். மறுநாள் இரகசியப் போலீசார் வந்து, ஒரே இரவில் இத்தனை பேருக்கு நோய் வந்தது எப்படி என்று விசாரித்தார்கள். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி நியாயம் கற்பித்தார். அறுபது பேர் சிறை முகாமுக்குச் செல்லாமல் தப்பினார்கள்.

ஆட்சியை எதிர்த்து நின்ற அந்தத் துணிவே, பிற்காலத்தில் மருத்துவ உலகின் பழைய நம்பிக்கைகளை எதிர்த்து நிற்கவும் அவருக்குக் கைகொடுத்தது எனலாம்.

1939 தொடக்கத்தில், போர்த்துகல் நாட்டின் ஆட்சியாளர் சலாசாருக்கு வேண்டிய ஒருவருக்கு மருத்துவம் பார்ப்பதற்காக ஜெர்மன் அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. அதற்குப் பின் அகதி அறிஞர்களுக்கு உதவும் சங்கம் ஒன்றின் துணையால், அவ்வாண்டு மார்ச் மாதம் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆறு மாதத்துக்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

இரண்டு மணிக்கு ஒரு முறை

ஆக்ஸ்ஃபோர்டில் குட்மனுக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. ஆனால் நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் செய்யும் பொறுப்பு நெடுநாள் கிடைக்கவில்லை. கத்தி பிடித்த கை எழுதுகோல் பிடித்துக் காத்திருந்தது. 1943 செப்டம்பரில் வாய்ப்பு வந்தது. ஐரோப்பாவின் கரையில் பெரும்படை இறங்கப் போகிறது. முதுகில் காயம்பட்ட வீரர்கள் நூற்றுக் கணக்கில் வரக்கூடும். அவர்களுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு கருதியது. அதனை ஏற்று நடத்துவாரா என்று அவரைக் கேட்டார்கள். தம் வழியில் மருத்துவம் செய்யத் தமக்கு முழு உரிமை வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார்.

1944 பிப்ரவரி 1-ஆம் நாள், எய்ல்ஸ்பரி நகருக்கு அருகில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், இருபத்துச் சொச்சம் கட்டில்களோடு அப்பிரிவு தொடங்கியது. முதல் நாளில் இருந்த நோயாளி ஒருவரே. நரம்பியல் அறுவையில் இத்தனை தேர்ச்சி பெற்றவர், சாகப் போகிறவர்களுக்கு நடுவே ஏன் தம் வாழ்நாளைப் புதைக்கிறார் என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் வியந்தார்கள்.

இந்நோயாளிகள் ஏன் இறந்தார்கள் என்பதை நாம் சற்றே நின்று அறிந்துகொள்ள வேண்டும். மூளையின் கட்டளைகள் உடம்பின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி வருவதும், கீழிருந்து உணர்ச்சிகள் மூளைக்கு ஏறிச் செல்வதும் தண்டுவடத்தின் வழியேதான். அது அறுபட்டால், அறுபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. நாம் உறங்கும்போது, ஓரிடம் அழுந்தி வலித்தால் நம்மையறியாமல் புரண்டு படுக்கிறோம். அவர்களுக்கு வலியே தெரியாது. தெரிந்தாலும் புரள முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, சதை அழுகிப் படுக்கைப்புண் உண்டாகிறது. சிறுநீர்ப்பை தானே இயங்காமையால் சிறுநீர் தேங்கி, கிருமி பெருகி, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இந்த இரண்டு வாயில்களின் வழியாகத்தான் மரணம் நுழைந்தது. சுருங்கச் சொன்னால் முதுகில் பட்ட அடி அவர்களைக் கொல்லவில்லை. அசையாமல் கிடந்த கிடைதான் கொன்றது.

இதனை உணர்ந்த குட்மன், முதல் வேலையாக மாவுக்கட்டுகளைக் களையச் செய்தார். உணர்ச்சியற்ற உடம்புக்கு இறுகிய மாவுக்கட்டு அரணாகாமல் புண்ணுக்கே விதையாவதை அவர் கண்டார். நோயாளிகளை இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று விதித்தார். நள்ளிரவில் தாமே எதிர்பாராமல் வார்டுக்குள் நுழைந்து, சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பார். சிறுநீரை வெளியேற்றக் குழாய் செலுத்தும் வேலையைக் கடைநிலை ஊழியரிடம் விட்டுவிடாமல், அறுவைக்குரிய தூய்மையோடு மருத்துவர்களே செய்ய வேண்டும் என்றார்.

இவற்றில் புதுமையான கருவி ஏது? விலையுயர்ந்த மருந்து ஏது? ஒரு மனிதனைப் புரட்டிப் படுக்க வைக்க நான்கு கைகளும் ஒரு கடிகாரமும் போதும். அந்தச் சிறு வேலையை ஒருமுறைகூடத் தவறவிடாமல் செய்வதுதான் கடினம். செவிலியருக்கும் ஏவலருக்கும் அவரிடம் அச்சம் மிகுதி. கோபக்காரர், தாம் கொண்டதே சரி என்பவர், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர். முறிந்த முதுகெலும்பை அறுவை செய்து பொருத்தும் முறையை அவர் பெரிதும் விரும்பவில்லை. பிற்கால மருத்துவர் பலர் அதில் அவரோடு மாறுபட்டார்கள். ஆயினும் புண்கள் ஆறின, காய்ச்சல் தணிந்தது, சாக வந்தவர்கள் பிழைத்தார்கள். நோயாளிகள் அவரைத் தந்தை என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைக்கலானார்கள்.

பயிற்சியும் வேலையும்

உயிர் பிழைத்தாயிற்று. இனி அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குட்மனின் பெருமை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பிழைத்தவர்களைக் கட்டிலிலேயே வைத்துச் சோறூட்டுவதை அவர் மருத்துவமாகக் கருதவில்லை.

செயலிழந்த கால்களின் மூட்டுகள் இறுகிவிடாதபடி, பயிற்சியாளர்கள் நாள்தோறும் அவற்றை மடக்கி நீட்டினார்கள். செயலுள்ள கைகளுக்கும் தோள்களுக்கும் கடுமையான பயிற்சி தரப்பட்டது. இனிக் காலின் வேலையையும் அவையே செய்ய வேண்டும் அல்லவா? இடுப்புக்குக் கீழே உணர்வற்றவருக்கு நிமிர்ந்து உட்காருவதே பெரும்பாடு. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எனவே எதிரே கண்ணாடியை வைத்து, கண்ணால் பார்த்தே சாய்வைத் திருத்திக்கொள்ளப் பழக்கினார்கள்.

இங்கே உடற்கூறு பயில்வோர் மகிழத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. நம் முதுகில் அகன்ற தசை ஒன்று இருக்கிறது. அதனை இயக்கும் நரம்பு கழுத்துப் பகுதியிலேயே புறப்பட்டுவிடுகிறது. ஆனால் தசையின் அடிப்பகுதியோ இடுப்பெலும்பு வரை சென்று பற்றியிருக்கிறது. ஆகவே நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் அறுபட்டவருக்கும் அந்தத் தசை செயலிழப்பதில்லை. உணர்வுள்ள மேலுடலையும் உணர்வற்ற கீழுடலையும் இணைக்கும் பாலமாக அது நிற்கிறது. அந்தப் பாலத்தை வலுவாக்கினால், செயலிழந்த இடுப்பையும் ஓரளவு நிலைநிறுத்தலாம் என்று குட்மன் கண்டார்.

இவற்றோடு மரவேலை, கடிகாரம் பழுது பார்த்தல், தட்டெழுத்து என்று தொழிற்பயிற்சியும் நடந்தது. ஒரு காலத்தில் திரை மறைவில் கிடத்தப்பட்டவர்கள், இப்போது பட்டறையில் உட்கார்ந்து சுத்தியல் பிடித்தார்கள். இவர்கள் அரசின் உதவியை எதிர்பார்த்து வாழாமல், அரசுக்கு வரி செலுத்தும் குடிமக்களாக வெளியேற வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

வில்லும் அம்பும்

ஒருநாள் மருத்துவமனை முற்றத்தில், நோயாளிகள் சிலர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைத்தடிகளால் ஒரு மரவட்டைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். குட்மன் தாமும் ஒரு நாற்காலியில் ஏறி அமர்ந்து ஆடிப் பார்த்தார். அன்றே ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. பயிற்சிக் கூடத்தில் பத்து முறை கையைத் தூக்கச் சலித்துக்கொள்ளும் மனிதன், விளையாட்டில் நூறு முறை தூக்குகிறான், தூக்கியதையும் அறிவதில்லை.

அந்தத் தடியாட்டம் முரட்டுத்தனமாக இருந்ததால் கைவிடப்பட்டது. பின்னர் கூடைப்பந்தும் மேசைப்பந்தும் வந்தன. எல்லாவற்றையும்விட வில்வித்தை அவருக்கு உகந்ததாக இருந்தது. நாணை இழுக்கும்போது தோளும் முதுகும் வலுப்பெறுகின்றன. மேலே சொன்ன அந்த அகன்ற தசையும் முழுமையாக உழைக்கிறது. குறி பார்க்கும்போது உடம்பு சமநிலை பழகுகிறது. அதுமட்டுமா? நாற்காலியில் அமர்ந்து எய்பவரும் நின்று எய்பவரும் ஒரே களத்தில், ஒரே குறிக்கு எதிரே சமமாகப் போட்டியிடக்கூடிய ஆட்டம் அது.

1948 ஜூலை 29-ஆம் நாள், இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் விளையாட்டு கோலாகலமாகத் தொடங்கியது. அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் ஒரு சிறிய வில்வித்தைப் போட்டி நடந்தது. பதினான்கு ஆடவரும் இரண்டு பெண்டிரும் ஆகப் பதினாறு பேர், சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள். ஸ்டோக் மாண்டவிலும் ரிச்மண்டில் இருந்த ஊனமுற்ற படைவீரர் இல்லமும் மோதின. வென்றது ரிச்மண்ட் அணி. அடுத்த ஆண்டே குட்மன், இந்தப் போட்டி ஊனமுற்றோரின் ஒலிம்பிக்காக ஒருநாள் வளரும் என்று நம்பிக்கை தெரிவித்தார். கேட்டவர்களில் அதனை நம்பியவர் சிலரே.

1952-இல் நெதர்லாந்து நாட்டு அணி வந்து சேர்ந்தது. போட்டி பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960-இல் ஒலிம்பிக் நடந்த ரோம் நகரிலேயே, அது முடிந்த சில நாட்களில், 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 வீரர்கள் கூடினார்கள். இன்று பாராலிம்பிக் என்று உலகம் போற்றும் விளையாட்டு விழாவின் முதல் விழாவாக அதுவே எண்ணப்படுகிறது.

ரோம் விழாவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீரர்கள் தங்குவதற்குத் தரப்பட்ட கட்டடங்கள் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டவை. ஏறிச் செல்லப் படிகளே இருந்தன. வில்லை வளைக்கவும் ஈட்டி எறியவும் கடல் கடந்து வந்தவர்கள், தங்கள் அறைக்குப் போக வழியின்றிப் படியடியில் நின்றார்கள். இத்தாலியப் படைவீரர்கள் அவர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்கினார்கள்.

பெருமையும் பிரிவும்

1966-இல் பிரிட்டிஷ் அரசு குட்மனுக்கு சர் பட்டம் வழங்கியது. 1969-இல் ஊனமுற்றோருக்கென்றே ஸ்டோக் மாண்டவிலில் எழுந்த விளையாட்டரங்கை எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார். 1976-இல் இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1976-ஆம் ஆண்டு டொராண்டோ விழாவில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோரோடு கை கால் இழந்தோரும் பார்வையற்றோரும் கலந்துகொண்டார்கள். அகதியாக வந்த மனிதர், அடைக்கலம் தந்த நாட்டுக்கு வட்டியோடு கடன் தீர்த்துவிட்டு, 1980 மார்ச் 18-ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.

அவர் ஏற்றிய விளக்கின் ஒளி நம் நாட்டுக்கும் எட்டியது. 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் விழாவில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. 2016-இல் ரியோ நகரில், சிறு வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதை நாம் அறிவோம்.

நம் வேலூரிலும் இதே காலத்தில் ஓர் அருஞ்செயல் நிகழ்ந்தது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை செய்து சீராக்கினார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் காலமானார். நோயாளியின் வேதனையைத் தம் உடம்பிலேயே அறிந்த மருத்துவர் அவர்.

நமக்குள் ஒரு கேள்வி

குட்மனின் வாழ்க்கை மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. அடிபட்ட மனிதனுக்கு மருத்துவர் செய்வது பாதி. பயிற்சியாளர் துணையோடு அவனே செய்துகொள்வது கால் பங்கு. எஞ்சிய கால் பங்கு அவனைச் சுற்றி வாழும் நம்முடையது. தோள்களை வலுவாக்கிக்கொண்டு சக்கர நாற்காலியைத் தானே உருட்டி வந்தவனை, ரோமாபுரியில் நிறுத்தியது நோயன்று, நான்கு படிகள்!

ஒரு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு நம் கல்லூரி வாயிலுக்குள் நாளை ஒரு மாணவர் வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் எந்தெந்த வகுப்பறைக்குப் போக முடியும்? நூலகத்துக்குள் நுழைய முடியுமா? மாடியில் இருக்கும் ஆய்வுக்கூடம் அவருக்கு எட்டுமா? தூக்கிச் செல்ல நண்பர்கள் நாம் இருக்கிறோம் என்று சொல்லலாம். நல்ல மனம்தான்; ஆனால் தூக்கப்படுகிறவர் நாள்தோறும் நம் வரவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு சாய்தளம் இருந்தால் எவருக்காகவும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. சட்டத்தில் வந்தது சிமெண்டில் வர வேண்டும்.

மரணத்துக்காகக் காத்திருந்த மனிதர்களை, இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் புரட்டி எழுப்பி உட்கார வைத்தார் குட்மன். உட்கார்ந்தவர்கள் உருண்டு வந்து நம் படிகளின் அடியில் நிற்கிறார்கள். அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டியவர்கள், கால்கள் நன்றாக இருக்கும் நாம்.